ஈரத் தீப்பெட்டிக்கு முதலிடம்

யாருமே எடுக்காத ‘ஈரத் தீப்பெட்டி’ என்ற திரைப்படம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் டாக்டரின் கிளினிக்கில், உலகின் தலைசிறந்த நூறு படங்களில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் பாதிப்பேர் அதை முப்பது வருடங்களுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். மீதிப்பேருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஹவுஸ்ஃபுல் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் படத்தைப் பற்றி ஒன்றுமே நினைவில்லாத ஆள் ஊரில் ஒருவர்தான். அதை முன்மொழிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

உன்னத சினிமா ரசிகர் பேரவைக்குச் சொந்தமாக உன்னதம் இருந்தது, கட்டடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் பல் வலிக்காது என்ற நம்பிக்கையில், பேரவையின் பொருளாளரான பல் டாக்டர் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையை விட்டுக்கொடுத்திருந்தார். இரும்புக்கால் நாற்காலிகள், கிராம்பு எண்ணெய் வாசனை, சுவரில் ஒரு கடைவாய்ப் பல்லின் குறுக்குவெட்டுப் படம். சொத்தை எப்படி வேர்வரை இறங்குகிறது என்று சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டிய அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தலைவர் மானுட வேதனையைப் பற்றிப் பேசுவார். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் என்று போய்க்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். பெயர் வைத்தது யாரென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் பேரவை ரகசிய வாக்கெடுப்புதான் நடத்தியது. சீட்டில் எழுதி, பல்செட் வைக்கும் டப்பா ஒன்றில் போடுவார்கள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. பேச்செல்லாம் கறுப்பு வெள்ளை, மௌனம், கேமரா நகராத பத்து நிமிடம் என்று இருக்கும். டப்பாவைத் திறந்தால், கதாநாயகன் ஓடும் ரயில்மேல் நின்றுகொண்டு வில்லனின் ஹெலிகாப்டரைக் கயிறு போட்டு இழுக்கும் படம் வருடா வருடம் முதலிடத்தில் வந்து நிற்கும். யார் போட்டது என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் அடிக்குறிப்பு கையுயர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். எல்லோருடைய ரசனையும் அன்று ஒரே காலையில் உயர்ந்தது. ரயில் படத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. பல் டாக்டரின் கை மட்டும் கொஞ்சம் அசைந்து, போகிற வழியில் மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பேரவையின் புகழ்பெற்ற ஏழாம் விதி. ஏழு மணி நேரம் ஓடும் ஒரு வெளிநாட்டுப் படத்தை அடிக்குறிப்பு ஒருமுறை வானளாவப் புகழ்ந்தபோது, பல் டாக்டர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, “முழுசாப் பார்த்தீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார். அதன்பின் இருவரும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. இடையில் அடிக்குறிப்புக்கு ஞானப்பல் வலி வந்து, பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பேரவை உடையாமல் இருக்க ஒரு விதி எழுதப்பட்டது: ஒரு படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரை எக்காரணம் கொண்டும் கேட்கக்கூடாது. விதி வந்த நாளிலிருந்து பேரவையில் சண்டையே இல்லை. விவாதங்கள் ஆழமாயின.

கண்ணாடிக்கடைக்காரர் இதையெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கடைக்கு வருகிறவர்கள் ஒன்றும் தெரியாமலே “தெரியுது, தெரியுது” என்று தலையாட்டுவதைப் பல வருடமாகப் பார்த்தவருக்கு இது பழக்கமான காட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனக்குப் பிடித்த ஒரு படத்தை முன்மொழிந்தார். இரட்டைப் பிறவிகள் மாறிப்போய், மாமனார் தவறான மாப்பிள்ளையைக் குடை கொண்டு அடிக்கும் படம். “அது ஜனரஞ்சகமாச்சே,” என்றார் அடிக்குறிப்பு, சமையலறையில் எலி என்று சொல்லும் குரலில். அடுத்த நாற்காலியில் இருந்த ஒப்பந்தக்காரர் சிரித்தார். லைப்ரேரியன் அம்மா கனிவாகப் பார்த்தார்; அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் யாரோ நனைந்த தீப்பெட்டி ஒன்றை உரசி உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்போ ‘ஈரத் தீப்பெட்டி’யைப் போடுங்க,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர் எரிச்சலாக. “அந்த டைரக்டர் ஒரே படத்தோட நிறுத்திட்டார்.”

ஒப்பந்தக்காரர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு அடிக்குறிப்பு கண்ணை மூடினார். “ஆஹா,” என்றார்.

அதன்பின் யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்த மழை, என்றார் ஒப்பந்தக்காரர். அந்த மழைக்கு முந்தின அமைதி, என்றார் லைப்ரேரியன் அம்மா. கதாநாயகி கடைசி வரை தீக்குச்சியைக் கொளுத்தவே மாட்டாளே, அந்த நெஞ்சுறுதி யாருக்கு வரும், என்றார் பல் டாக்டர். கதாநாயகி இருப்பதே கண்ணாடிக்கடைக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்தாறு கைகள் ஒன்றாக எழுந்தன. படம் முதலிடம். தேநீர் இடைவேளையில் விஷயத்தைப் போட்டு உடைத்து எல்லோர் மூக்கையும் அறுப்பது என்பதுதான் அவருடைய திட்டம். ஆனால் தேநீர் வருவதற்குள் அடிக்குறிப்பு, தன் இளமையில் அந்தப் படத்தை இடமில்லாமல் நின்றுகொண்டே பார்த்ததைச் சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிற மனிதரிடம் போய் என்ன சொல்வது? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கடை சலூன்காரர், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நல்ல மெட்டு. என்ன பாட்டு என்று கண்ணாடிக்கடைக்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ‘ஈரத் தீப்பெட்டி’ல ரெண்டாவது பாட்டு.” புதன்கிழமை, கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மாள், “இப்ப தெளிவா இருக்கா? இப்ப?” என்று அவர் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டதும், அந்தப் படத்தில் ஹீரோவும் இப்படித்தான் கேட்பார் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். பழைய தியேட்டர் அப்போது குளிர்சாதனப் பெட்டிகள் அடுக்கும் கிடங்காக இருந்தது. அதன் பக்கச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த போஸ்டர்களைக் கண்ணாடிக்கடைக்காரர் தன் நகத்தாலேயே சுரண்டிப் பார்த்தார். தோசைக்கல் கரி மாதிரி அடுக்கடுக்காக வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நிறம் மங்கி, கையில் தீப்பெட்டியோடு ஒரு பெண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதக் கடைசியில், மீட்டர் ரீடராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தான் அந்தப் படத்தில் தபால்காரராக நடித்தது ஞாபகம் வந்து, தெருவில் கொஞ்சம் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். டைரக்டர் பொல்லாத கோபக்காரர் என்று அவர் பேட்டி கொடுத்தார். ஆனால் தங்கமான மனுஷன்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நல்ல படம் இத்தனை நாள் மறந்து கிடந்தது, இப்போது ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்காரர்தான் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து மண்டையைத் துழாவினார். போட்டிராத கண்ணாடியை மூக்குமேல் தேடுகிற மாதிரி இருந்தது.

படத்தில் பாட்டுகள் உண்டா என்ற பிரச்சினை வந்தபோதுதான் அவருக்கு விஷயத்தின் தீவிரம் உறைத்தது. உன்னதப் படத்தில் பாட்டு இருக்க முடியாது என்றார் அடிக்குறிப்பு. “இருந்துச்சே சார், நானே பாடுவேனே,” என்று பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். அவர் பாடிவிடுவாரோ என்ற பயத்தில் உடனே வாக்கெடுப்பு நடந்தது. பாட்டுகள் இல்லை என்று ஒரு கை வித்தியாசத்தில் முடிவானது. அந்த நிமிடம், ஊர் முழுக்க, அந்தப் படப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். சலூன்காரர் கத்தியை ஒருவர் கன்னத்தில் வைத்தபடி, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தெரியாமல் நின்றாராம். தாலாட்டு நின்றுபோன வீடுகளில் குழந்தைகள் எழுந்து வீறிட்டன. காரணம் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உறுப்பினர்களின் மனைவிமார்கள் ஒன்றாகக் கிளினிக்குக்கு வந்து, என்னவோ ஒன்று குறைகிறது, அதை மரியாதையாகத் திருப்பி வைக்கும்படி கேட்டார்கள். கைகள் மறுபடி எழுந்தன. ஒரு பாட்டு திரும்பி வந்தது. சலூன்காரர் சந்தோஷமாக முணுமுணுத்தார். கண்ணாடிக்கடைக்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். மெட்டு வேறு. “முன்னாடி பாடினது இது இல்லையே?” என்றார். “எப்பவும் இதுதானே சார்,” என்றார் சலூன்காரர்.

போனது போனதுதான், திரும்பி வருவது வேறு என்று அவர் அன்று புரிந்துகொண்டார். புரிந்துகொண்டு அதை அப்படியே மறந்தும் விட்டார், ஏனென்றால் அதைவிடப் பெரிய இடி வீட்டில் காத்திருந்தது.

அவருடைய மனைவி மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் இருக்கையில் வேலை பார்த்தார். நாள் முழுவதும் ஊராரின் இருட்டைக் காதில் வாங்கிக்கொள்கிற வேலை என்பதால், வீட்டில் அவர் யாருடைய புகாரையும் கேட்பதில்லை, கொடுப்பது மட்டும்தான். சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தியை வைத்துவிட்டு, “அந்தப் படத்தை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தது நீங்கதானாமே?” என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். “இவ்வளவு வருஷமா மனசுல வச்சிருந்தீங்களா!” என்று ஒரு சிரிப்பு சிரித்தார். வெட்கம் கலந்த சிரிப்பு. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. “பக்கத்து சீட்டு நீலச் சட்டையை என்னால மறக்க முடியுமா சொல்லுங்க. தேம்பித் தேம்பி அழுதுச்சே அது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இப்படி ஒரு ஆளைத்தான் கட்டணும்னு.” சொல்லிவிட்டு அந்தம்மாள் மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு முணுமுணுப்பு வேறு. சலூன்காரர் பாடிய இரண்டாவது மெட்டு.

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க்கையில் அழுததில்லை. நீலச் சட்டையும் போட்டதில்லை. கடைக்கு எப்போதும் வெள்ளைதான். ஆக, அது வேறு எவனோ. தான் வாய்க்கு வந்தபடி உளறிய ஒரு படத்துக்குள் புகுந்து, முப்பது வருடத்துக்கு முந்தி, ஒருவன் தன் மனைவியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான் என்றால் அதைவிட அநியாயம் உண்டா? அடுத்த சில வாரங்கள் அவர் நீலச் சட்டைக்காரர்களைக் கவனித்தார். ஊரில் எத்தனை பேர் நீலச் சட்டை போடுகிறார்கள் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. பஸ் நடத்துநர்கள், குழாய் பழுது பார்ப்பவர்கள், ஒரு நாள் பல் டாக்டரே. கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்த நடுவயது ஆண்களிடம், எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சாக்கில், “சினிமா பார்த்தா அழுவீங்களா?” என்று கேட்டார். கண்ணில் நீர் சுரக்கிறதா என்று பார்க்கத்தான் என்று விளக்கமும் சொன்னார். அழுவேன் என்று ஒப்புக்கொண்ட ஒரு பத்திர எழுத்தருக்குத் தேவைக்கு மேலே பவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் ஒரு மாதம் தரையைத் தடவித் தடவி நடந்தார்.

கடைசியில் மைத்துனனைப் பிடித்தார். மனைவியின் தம்பி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“உங்க அக்கா யார்கூட அந்தப் படத்துக்குப் போனா? உண்மையைச் சொல்லு.”

“எந்தப் படம்? தீப்பெட்டியா? என்கூடத்தான்.”

“பக்கத்து சீட்டுல நீலச் சட்டை போட்டுக்கிட்டு அழுதது எவன்?”

மைத்துனன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். “என்ன மாமா, வயசாகுதுன்னு இப்படியா? அது நீங்கதானே! அழுத அழுகையில முன்சீட்டுக்காரன் திரும்பித் திட்டினான். அப்புறம் அக்காகிட்ட பேசணும்னு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வெளியே நிக்க வச்சீங்க. ரெண்டு ஐஸ்கிரீம். எனக்கு ஜலதோஷம் பிடிச்சு ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகலை. அதெல்லாம் மறந்துடுச்சா?”

கண்ணாடிக்கடைக்காரர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை நாள் தன்மேல் தானே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு பக்கம் நிம்மதிதான். பத்திர எழுத்தரை நினைத்தால்தான் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. “டேய்,” என்றார், “நாங்க முதல்ல சந்திச்சது என் கடையிலடா. லென்ஸை மாத்திப் போட்டுட்டேன்னு உங்க அக்கா சண்டைக்கு வந்தாளே.” மைத்துனன் மறுபடி திருப்புளியை எடுத்தான். “அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி உங்க கடைப் பக்கமே வந்ததில்லையே மாமா.”

நடந்தது இதுதான். அவர் கடை புதிதாக வைத்திருந்த காலம். வலக்கண் லென்ஸை இடப்பக்கமும் இடக்கண் லென்ஸை வலப்பக்கமும் மாட்டி ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் அந்தப் பெண் கடை வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, உள்ளே நான்கு வாடிக்கையாளர்கள் இருக்கும்போது, சத்தமாகக் கேட்டாள்: “உங்க கண்ணாடியைப் போட்டா ஒரு படி ரெண்டு படியாத் தெரியுது. நான் எந்தப் படியில கால் வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.” வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. லென்ஸைச் சரியாக மாட்டிக் கொடுத்த பிறகும், பிரேம் கோணலாக இருக்கிறது என்று அவள் வாரா வாரம் வந்தாள். பிரேம் கோணலாக இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. படியைப் பற்றிய அந்த வாக்கியத்தை அவர் வருடக்கணக்காக, யாரிடமும் காட்டாமல், உள்ளே வைத்திருந்தார். வியாபாரம் மந்தமான மதியங்களில் எடுத்துச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். இப்போது அது உலகத்திலேயே அவர் ஒருவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். படி, லென்ஸ், நான்கு வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் சொன்னார். “நாலு பேர் முன்னாடி அப்படியெல்லாம் நான் பேசுவேனா?” என்று அந்தம்மாள் ஆச்சரியப்பட்டார். முந்தின நாள்தான் அவர் பஸ்ஸில் நாற்பது பேர் முன்னால் நடத்துநரை அழ வைத்துவிட்டு இறங்கியிருந்தார். “உங்களுக்குக் கண்ணாடிக் கடையைத் தவிர வேற கனவே வராதா? நாம பார்த்துக்கிட்டது சினிமாவுல. நீங்க அழுதீங்க. அதனாலதான் சரின்னேன்.”

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த அழுத ஆளுக்கு வீட்டில் நல்ல மரியாதை கிடைத்தது. தட்டில் இரண்டாவது முறை கேட்காமலே சோறு விழுந்தது. கால் வலிக்கிறது என்றால் யாரோ காதில் வாங்கினார்கள். செய்தித்தாளில் மனதை உருக்கும் விஷயம் எதையாவது படித்தால், அந்தம்மாள் அதை மடித்து அவர் கண்ணில் படாமல் வைத்தார், “உங்களுக்குத் தாங்காது” என்று. கண்ணாடிக்கடைக்காரர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். இன்னொருவன் வீட்டு விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

வருடாந்தரக் கூட்டம் நெருங்கியது. பேரவையின் முறைப்படி, ஒவ்வொரு வருடமும் முதலிடப் படத்தை அதை முன்மொழிந்தவரே மறுபடி முன்மொழிய வேண்டும். அவர் விலக்கிக்கொண்டால் படம் பட்டியலிலிருந்தே போய்விடும். போனால் என்ன ஆகும் என்று பாட்டு விஷயத்தில் அவர் பார்த்துவிட்டார். சலூன்காரர் பாதியில் நிறுத்துவார்; போஸ்டர் வெறும் சுவராகும்; தபால்காரர் மறுபடி மீட்டர் ரீடர் வேகத்தில் நடப்பார். தன் கடை வாசற்படி தனக்குத் திரும்பி வரும். விலக்கிக்கொள்வதென்று அவர் முடிவு செய்தார். அன்று காலை மனைவியும் கூட வருவதாகச் சொன்னார். எங்கிருந்து வாங்கினாரோ, ஒரு புது நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது.

கிளினிக்கில் உறுப்பினரல்லாதவர்களுக்குக் கடைசி வரிசை. அந்தம்மாள் அங்கே, வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிக்குறிப்பு முன்னுரை என்று ஒன்று நிகழ்த்தி, அதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லி முடித்துவிட்டு, “முன்மொழிஞ்சவர் எழுந்து சொல்லலாம்,” என்றார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார். அப்போதுதான் சலூன்காரரின் இரண்டாவது மெட்டு ஞாபகத்துக்கு வந்தது. எடுத்த இடத்தில் பழையதே திரும்பி வந்து உட்காரும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது? படம் போய், படியும் வராமல் போனால்? கடைசி வரிசையில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், முன்பின் தெரியாத ஓர் ஆளோடு ஒரே வீட்டில் ஏன் இருக்கிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தால்? நீலச் சட்டைக்குள் அவருக்கு வேர்த்தது. அறையே அவரைப் பார்த்தது. சுவரில் கடைவாய்ப் பல்லும் பார்த்தது.

“மறுபடியும் முன்மொழியறேன்,” என்றார். பிறகு, தானே எதிர்பாராமல், “ஆனா ஒரு திருத்தம்,” என்றார். “நான் பார்த்த பிரிண்ட்ல ஒரு சீன் இருந்தது. யாரும் அதைப் பத்திப் பேசறதே இல்லை. கதாநாயகி ஒரு கடை வாசற்படியில வந்து நிப்பா. உங்க கண்ணாடியைப் போட்டா ஒரு படி ரெண்டு படியாத் தெரியுது, நான் எந்தப் படியில கால் வைக்கட்டும்னு கேட்பா. கடைக்காரனுக்குக் காது சிவந்துடும்.” குரல் கொஞ்சம் பிசிறியது. “அந்த சீன் படத்துல உண்டுன்னு பேரவை ஏத்துக்கணும்.”

ஒப்பந்தக்காரர் லைப்ரேரியன் அம்மாவைப் பார்த்தார். லைப்ரேரியன் அம்மா தரையைப் பார்த்தார். கேட்கத் துடித்த ஒரு கேள்வி எல்லோர் வாயிலும் நின்றது. ஏழாம் விதி அதை உள்ளேயே வைத்துப் பூட்டியது. அடிக்குறிப்பு கண்ணை மூடினார்.

“ஆஹா,” என்றார். “அந்தப் படி.”

“படி ரெண்டாத் தெரியறதுங்கிறது,” என்று அவர் மேலே போனார், “பிளவுபட்ட சமூகத்தோட—”

“லென்ஸ் மாறிப் போச்சு சார், அவ்வளவுதான்,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“அந்த எளிமைதான் அதோட உச்சம்!” என்று பல் டாக்டர் தொடையைத் தட்டினார். எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசி வரிசையில், ஓட்டுரிமை இல்லாத ஒரு கையும் எழுந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டாம் வருடமும் முதலிடம் என்றானதும் தியேட்டர்காரருக்கு நம்பிக்கை வந்தது. குளிர்சாதனப் பெட்டிகளை வெளியேற்றினார். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் படச்சுருள் டப்பாக்கள் இருந்தன. அவை அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. திறப்புக் காட்சிக்கு ஊரே வந்தது. பத்திர எழுத்தர் புதுக் கண்ணாடியோடு வந்திருந்தார். தபால்காரராக நடித்தவர் வாசலிலேயே நின்று எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். கண்ணாடிக்கடைக்காரரும் மனைவியும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்; இரண்டு சீட் தள்ளி மைத்துனன், தற்காப்பாகக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

விளக்கு அணைந்தது. திரை வெளிச்சமாயிற்று. கண்ணாடிக்கடைக்காரருக்கு அது வெறும் வெள்ளைத் திரையாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வெள்ளை. சத்தமும் இல்லை. ஆனால் சுற்றிலும் எல்லோரும் பெயர்களுக்குக் கைதட்டினார்கள், ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள். அவர் ஒரு நொடி பிந்திக் குனிந்தார். தபால்காரர் வரும் காட்சிக்கு விசில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டி, “எப்படி!” என்றபோது, “பிரமாதம்,” என்றார் இவர். தலைவரும் பொருளாளரும் முன் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

வசனம் மனப்பாடமான ஊர் அது. நடுவில் ஓரிடத்தில் ஆங்காங்கே கிசுகிசுப்பாகச் சிரிப்பு ஆரம்பித்தது. வரப்போவது தெரிந்து முன்கூட்டியே சிரிக்கிற சிரிப்பு. மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையோடு சேர்ந்து சொல்லுவதற்காக அரங்கமே மூச்சை இழுத்தது. பிறகு நூற்றுக்கணக்கான வாய்கள் ஒன்றாகத் திறந்தன. அத்தனை குரலிலும் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒன்றுதான் கேட்டது, தன் வலப்பக்கத்திலிருந்து, நாலு வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக, சரியான வாயிலிருந்து, சரியான கோபத்தோடு:

“உங்க கண்ணாடியைப் போட்டா ஒரு படி ரெண்டு படியாத் தெரியுது. நான் எந்தப் படியில கால் வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. வெள்ளைத் திரையின் வெளிச்சம் மனைவியின் முகத்தில் விழுந்திருந்தது, அந்தம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அவருக்கே விளங்காமல், தோள் குலுங்கியது. பிறகு சத்தமே வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பி, “காமெடி சீன்ல என்னய்யா அழுகை?” என்று திட்டினார்.

மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அன்னைக்கும் இதே இடத்துலதான் அழுதீங்க. ஊரே சிரிச்சுது.”

இடைவேளைக்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. வெள்ளையாகவே ஓடியது. மொத்தத்தில் நல்ல படம்தான்.